வீடியோ பார்த்து யோகா செய்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது

கேள்வி: எனக்கு வயது 54. ஈரோட்டில் இருக்கிறேன். மூன்று வருடமாக பிரஷருக்கு ஆம்லோடிபின் 5 மி.கி. மாத்திரை காலையில் ஒன்று சாப்பிடுகிறேன். சர்க்கரை இல்லை. படி இறங்கும்போது முழங்கால் கொஞ்சம் வலிக்கும். வெளியே வகுப்புக்குப் போக நேரம் தோதுப்படவில்லை என்பதால், மகள் போனில் ஒரு யோகா வீடியோ போட்டுக் கொடுத்தாள். தினமும் காலையில் 12 சுற்று சூரிய நமஸ்காரம் செய்தேன். ஐந்தாம் நாள் குனிந்தவளுக்கு நிமிர முடியவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் ஆகிறது, வலி இப்போது பரவாயில்லை. ஆனால் குனிந்து எழுந்தால் தலை சுற்றுகிற மாதிரி இருக்கிறது. யோகா எனக்கு ஒத்துக்கொள்ளாதா? வீட்டிலேயே கற்றுக்கொள்ள வழி உண்டா? சிரசாசனம் செய்தால் பிரஷர் மாத்திரையே வேண்டாம் என்கிறார் என் நாத்தனார். உண்மையா?

பதில்: யோகா உங்களுக்கு ஒத்துக்கொள்ளும். வம்பு செய்தது அந்த வீடியோவின் வேகமும் எண்ணிக்கையும்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 நிலைகள் கொண்ட ஒரு சூரிய நமஸ்காரத்தில் நின்றபடி மட்டுமே இரண்டு தடவை முன்னால் குனிகிறோம், இரண்டு தடவை பின்னால் வளைகிறோம். 12 சுற்றுக்கு 24 குனிதல், 24 வளைதல். நாலே நாளில் கிட்டத்தட்ட நூறு தடவை குனிந்து நிமிர்ந்திருக்கிறீர்கள். குனிந்து பெருக்குவதையே எப்போதோ விட்டுவிட்ட இடுப்பாக இருந்தால் ஐந்தாம் நாள் மறியல் செய்யாமல் என்ன செய்யும்?

குனியும்போது நடப்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன். நாம் உட்காரும் எலும்பில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக ஓடி, முழங்காலுக்குக் கீழே போய் ஒட்டுகிற தசைகள் உண்டு. நாற்காலி, சோபா, ஸ்கூட்டர் என்று காலம் தள்ளியவர்களுக்கு இவை இறுகிப்போயிருக்கும். முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு குனிந்தால் இந்தத் தசைகள் இடுப்பெலும்பைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும். இடுப்பெலும்பு முன்னால் சாயாவிட்டால், தரையைத் தொட வேண்டிய மீதி வளைவு முழுவதும் கீழ்முதுகின் தலையில் விழும். வீடியோவில் வருபவருக்குக் கை சுலபமாகத் தரையைத் தொடுகிறது என்றால், அவருக்கு வளைவது இடுப்பு மூட்டு. உங்களுக்கு வளைந்தது முதுகெலும்பு. பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

இன்னொன்றும் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். போனை எங்கே வைத்தீர்கள்? என்னிடம் வருகிறவர்களைக் கேட்டால், டீப்பாயில் ஒரு டப்பாவுக்குச் சாய்த்து வைத்தேன் என்பார்கள். குனிந்த நிலையில், அடுத்தது என்ன என்று பார்க்கக் கழுத்தை மட்டும் திருப்பி நிமிர்த்துவார்கள். பாரம் ஏறிய முதுகைத் திருகுவதற்கு அது போதும். வீடியோவை உட்கார்ந்து ஒரு முறை முழுதாகப் பாருங்கள், அப்புறம் அணைத்துவிட்டுச் செய்யுங்கள். மறந்துபோனால் நின்று யோசிக்கலாம், யாரும் மார்க் போடப் போவதில்லை.

மூன்று வாரத்தில் வலி தணிந்தது நல்ல அறிகுறி. நடப்பதை நிறுத்த வேண்டாம். ஆனால் வலி காலுக்குள் இறங்கினாலோ, பாதம் மரத்துப்போனாலோ, கால் பலம் குறைந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் கழிப்பதில் புதிதாகச் சிரமம் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலிகிற வயது இது என்பதால், எலும்பு மெலிந்திருப்பதாக யாராவது சொல்லியிருந்தால் முன்னால் ஆழமாகக் குனிகிற ஆசனங்களை அடியோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது தலைசுற்றல். இதில் எனக்கு ஒரு விவரம் வேண்டும். எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வருகிறதா, இல்லை அறையே ராட்டினம் மாதிரி சுற்றுகிறதா? கண் இருட்டினால், நிற்கும்போது பிரஷர் இறங்குகிறதோ என்று பார்க்க வேண்டும். ஆம்லோடிபின் இரத்தக் குழாய்களைத் தளர்த்தி வேலை செய்கிற மருந்து. காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல், தலையைக் கீழே கொண்டுபோய்ச் சட்டென்று மேலே தூக்கினால் மூளைக்கு இரத்தம் வந்து சேர ஒரு கணம் பிந்தலாம். உங்கள் மருத்துவரிடம் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒவ்வொரு தடவை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளிக்கு மேல் இறங்கினால் மருந்தில் கை வைக்க வேண்டியிருக்கும். அறை சுற்றினால், அதிலும் படுக்கையில் புரளும்போதே சில விநாடிகள் சுற்றினால், பெரும்பாலும் அது உள்காதின் சமாசாரம். காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைத் திருப்பிப் படுக்கவைத்துச் செய்கிற ஒரு சிறு சிகிச்சையிலேயே பலருக்கு நின்றுவிடும். எதுவென்று தெரியும்வரை, நின்றபடி குனிந்து தலை இடுப்புக்குக் கீழே போகிற எதையும் செய்யாதீர்கள்.

சரி, வீட்டில் எப்படிக் கற்றுக்கொள்வது? முதல் இரண்டு வாரத்துக்குச் சூரிய நமஸ்காரத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, படுத்துச் செய்வதிலிருந்து தொடங்குங்கள். மல்லாந்து படுத்தால் முதுகுக்குத் தரை துணை, முழங்காலுக்குப் பாரமில்லை, விழவும் இடமில்லை. உங்கள் ஊரில் பவானி ஜமுக்காளத்துக்குப் பஞ்சமா? நாலாக மடித்துப் போடுங்கள். (படுப்பதற்கும் உட்காருவதற்கும் மட்டும்தான். டைல்ஸ் தரையில் ஜமுக்காளத்தின் மேல் நின்று ஆசனம் செய்தால் காலோடு சேர்ந்து அதுவும் கிளம்பிவிடும். நின்று செய்ய வெறும் தரை அல்லது ரப்பர் பாய்.)

இரண்டு முழங்காலையும் மடக்கி, பாதங்கள் தரையில் இருக்கும்படி படுங்கள். மூச்சை விட்டுக்கொண்டே வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து வயிற்றுப் பக்கம் கொண்டுவாருங்கள். முழங்கால் வலி உள்ளவர் என்பதால் முட்டியின் மேலே பிடிக்காமல் தொடையின் பின்பக்கம் கோத்துப் பிடியுங்கள். தலை தரையிலேயே இருக்கட்டும். மூக்கை முட்டிக்குக் கொண்டுபோகும் வித்தை இப்போது வேண்டாம். மூன்று மூச்சு இருந்துவிட்டுக் காலை இறக்குங்கள், அப்புறம் இடது. பக்கத்துக்கு மூன்று தடவை போதும். அடுத்து, அதே நிலையில் பாதத்தை ஊன்றி இடுப்பை ஒரு சாண் உயரம் தூக்கி இறக்குங்கள். இதுதான் சேதுபந்தாசனத்தின் எளிய வடிவம். ஆறு தடவை. முடித்து எழும்போது நேராக எழாமல் ஒருக்களித்து, கையை ஊன்றி உட்கார்ந்து, அரை நிமிடம் இருந்து எழுங்கள். எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம்கூட ஆகாது. இவ்வளவுதானா என்று தோன்றும், இவ்வளவுதான்.

மூன்றாம் வாரம் நின்று செய்பவற்றைச் சேர்க்கலாம், சுவர் ஓரமாக. நிமிர்ந்து நிற்கும் தாடாசனத்தில் குதிகாலைத் தூக்கும்போது ஒரு கை சுவரில் இருக்கட்டும். குனிவதற்குத் தரையை மறந்துவிட்டு, நகராதபடி சுவரை ஒட்டி வைத்த நாற்காலியின் இருக்கையில் கை வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக் குனியுங்கள். முன்பு சொன்ன தசைகள் தளர மாதக் கணக்கில் ஆகும், அவசரம் இல்லை.

எவ்வளவு செய்யலாம் என்று வாட்ச் பார்க்க வேண்டாம். வாயை மூடி மூக்கால் நிதானமாக மூச்சு விட முடிகிறதா என்று பாருங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு நிலையில் நின்றால், அதற்கு உடம்பு இன்னும் தயாராகவில்லை. பிரஷர் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மூச்சை அடக்கி முக்கும்போது பிரஷர் எகிறும்.

உட்காருவது பற்றி என் கதை ஒன்று. நாற்பதைத் தாண்டியபோது நானும் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் அலட்சியமாகப் பத்மாசனம் போட்டதைப் பார்த்து, என் கணுக்காலைக் கையால் பிடித்து இழுத்துத் தொடை மேல் ஏற்றினேன். முட்டியின் உள்பக்கம் ‘க்ளிக்’ என்றது. ஒரு மாதம் நொண்டினேன். நோயாளிகளிடம் ‘வழுக்கிவிட்டது’ என்று பொய் வேறு. பத்மாசனத்தில் திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டு. அது திரும்பாவிட்டால் முழங்கால் திருகப்படும், அதற்கோ அந்தத் திசையில் திரும்பும் வசதி கிடையாது. ஆகவே நீங்கள் மடித்த போர்வை மேல் சம்மணம் போட்டால் போதும், அதுவும் வலித்தால் நாற்காலி. சாப்பிட்டதும் வஜ்ராசனத்தில், அதாவது மண்டியிட்டுக் குதிகால் மேல், உட்காரச் சொல்வார்கள். முழங்கால் வலியோடு வேண்டாம். நெடுநேரம் அப்படி உட்கார்ந்து, முட்டிக்கு வெளிப்பக்கம் ஓடும் நரம்பு அழுந்தி, பாதத்தைத் தூக்க முடியாமல் போனவர்களை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.

ஆசனத்தை முடித்ததும் ஐந்து நிமிடம் மூச்சுப் பயிற்சி. நாலு எண்ணிக்கைக்கு உள்ளே, ஆறு எண்ணிக்கைக்கு வெளியே. நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு மூச்சு. நடுவில் நிறுத்தி அடக்கக் கூடாது. பிரஷரைச் சில புள்ளிகளாவது குறைக்க உதவும் பயிற்சி இது. வயிற்றை வேகமாகத் துடிக்கவிடும் கபாலபாதியும் பஸ்திரிகாவும் உங்களுக்கு வேண்டாம்.

வீட்டிலேயே கற்றாலும் இரண்டு மூன்று தடவையாவது தெரிந்த ஒருவர் உங்களை நேரில் பார்த்துத் திருத்த வேண்டும். நீங்கள் வீடியோவைப் பார்க்கிறீர்கள், அது உங்களைப் பார்ப்பதில்லையே. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் அதற்கென்றே பட்டம் படித்த மருத்துவர்கள். பிரஷர் சீட்டையும் முழங்கால் எக்ஸ்ரே இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். முடியாவிட்டால் மகளைவிட்டுப் பக்கவாட்டிலிருந்து உங்களை வீடியோ எடுக்கச் சொல்லி நீங்களே பாருங்கள். நேராக நிற்கிறோம் என்று நினைத்த முதுகு எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மாத்திரை விஷயம். யோகா தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன், பிரஷர் நார்மல் என்று பெருமையாகச் சொல்பவர்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். ஆம்லோடிபின் உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நிறுத்திய இரண்டாம் நாள் பார்த்தால் அளவு நன்றாக இருக்காமல் என்ன? அது பழைய மாத்திரையின் வேலை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். நீங்கள் மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே, வாரம் மூன்று நாள் வீட்டில் பார்த்து நோட்டில் எழுதுங்கள். வீட்டில் எடுக்கும்போது 135/85-க்குக் கீழே இருக்க வேண்டும். மூன்று மாத நோட்டைப் பார்த்து, குறைப்பதா வேண்டாமா என்று உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். தினசரி அரை மணி நேர நடையையும் விடாதீர்கள். மெதுவான ஆசனங்கள் நடைக்கு ஈடாகாது.

சிரசாசனம் உங்களுக்குக் கிடையவே கிடையாது. பிரஷருக்கு மட்டுமல்ல, கழுத்துக்கும் கண்ணுக்கும் அது ஆகாது. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகா பழகியவர்களைச் சிரசாசனத்தில் நிற்கவைத்துக் கண்ணின் உள் அழுத்தத்தை அளந்து, 2006-ல் வெளியிட்ட ஆய்வில் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஆரோக்கியமான கண் இறங்கி வந்ததும் சரியாகிவிடும். கண் நீர் அழுத்த நோய் இருப்பவர்களுக்கு அப்படி விட்டுவிட முடியாது. அந்த நோய் பலருக்கு வலியே இல்லாமல் வருகிறது. உங்கள் நாத்தனார் இன்னும் தலைகீழாக நின்றுகொண்டிருந்தால், அடுத்த முறை கண்ணாடி மாற்றப் போகும்போது கண் அழுத்தத்தையும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.