ஒன்பதடி நீளம், ஏழடி அகலம்

வணக்கம் ஐயா,

எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். கறுப்பின அமெரிக்க இலக்கியத் தாளுக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறது. நாடகம், கவிதை, அடிமைகளின் தன்வரலாறு மூன்றும் ஒரே தாளில். கைடை முழுக்கப் படித்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் எல்லாம் கலந்துவிடுகிறது. தன்வரலாறுகள் எல்லாமே ஒரே கதை போலத் தோன்றுகின்றன. எப்படிப் படிப்பது?

ர.

அன்புள்ள ர.,

கைடை மூடி வையுங்கள், பதினைந்து நாள் தாராளம். ஒரே கதை என்று தோன்றுவதற்குக் காரணம், நீங்கள் சுருக்கத்தைத்தான் படித்திருக்கிறீர்கள். சுருக்கத்தில் எல்லோரும் அடிபடுகிறார்கள், எல்லோரும் தப்பிக்கிறார்கள்.

ஹாரியட் ஜேக்கப்ஸை எடுங்கள். அடிமையாக இருந்த அவர் 1861இல் லிண்டா பிரென்ட் என்ற புனைபெயரில் எழுதிய தன்வரலாறு. பாட்டி வீட்டை ஒட்டிய கொட்டகையின் கூரைக்கடியில் ஒளிகிறார். ஒன்பதடி நீளம், ஏழடி அகலம். உயரமான இடத்திலேயே மூன்றடிதான், நிமிர்ந்து நிற்கக்கூட முடியாது. அங்கே ஏறக்குறைய ஏழு வருடம்! கையில் கிடைத்த துளைப்பானால் பலகையில் வரிசையாகத் துளையிட்டு, அவற்றை ஒன்றாக்கி, ஓர் அங்குலத் திறப்பு உண்டாக்குகிறார். குழந்தைகளைப் பார்க்கத்தான். மறுநாள் காலையில் அதன் வழியே முதலில் கண்ணில் படுவது, எவனுக்குப் பயந்து ஒளிந்தாரோ அந்த எசமான். குழந்தைகள் அப்புறம்தான் வருகிறார்கள்.

இதன் பக்கத்தில் ஃப்ரெடரிக் டக்ளஸின் தன்வரலாற்றை (1845) வையுங்கள். தெருப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்து வாசிக்கக் கற்றவர். கப்பல் பட்டறையில் எந்த மரம் எந்தப் பக்கத்துக்கு என்று தச்சர்கள் குறித்த எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகியவர். அவர் தப்பி ஓடுகிறார். ஜேக்கப்ஸோ தாய், பிள்ளைகளை விட்டு நகர முடியாமல் அதே ஊரில் ஒளிந்து கிடக்கிறார். இந்த வித்தியாசத்தை உங்கள் சொற்களில் எழுதினாலே நல்ல பதில் ஆகிவிடும்.

கவிதைக்கும் டக்ளஸே வழி காட்டுவார். அடிமைகள் பாடுவதைக் கேட்டு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று நினைப்பவர்களிடம், மிகவும் துயரப்படும்போதுதான் அவர்கள் அதிகம் பாடுகிறார்கள் என்கிறார். அந்தப் பக்கத்தைப் படித்த கையோடு லாங்ஸ்டன் ஹியூஸின் 'ஹார்லெம்' கவிதையைச் சத்தமாக வாசியுங்கள். பெரும்பாலும் கேள்விகள்தான். ஒத்திப்போட்ட கனவு என்ன ஆகும்? வெயிலில் உலர்ந்த திராட்சை மாதிரி வற்றிப்போகுமா? லொரெயின் ஹான்ஸ்பெரி 1959இல் மேடையேறிய தன் நாடகத்துக்குத் தலைப்பு எடுத்தது அந்த வரியிலிருந்துதான். அதில் அம்மா சன்னலோரம் வளர்க்கும் தொட்டிச் செடி ஒன்று வரும். வெளிச்சமே சரியாக விழாத வீடு. கடைசியில் எல்லோரும் கிளம்பிய பிறகு, அவள் மட்டும் திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டு போவாள். நாடகத்தில் எந்தக் கேள்வி வந்தாலும் அந்தச் செடியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

தினமும் ஒரு காட்சி, புத்தகத்தைப் பார்க்காமல், கையால் ஒரு பக்கம். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்பதை மறக்காமல் எழுதுங்கள். ஜேக்கப்ஸ் பேசுவது வடமாநிலத்துப் பெண்களிடம். முதல் பக்கத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.