27 அங்குல ஆமை குட்டியா?

கேள்வி: மாசி மாதம் எங்கள் கரையில் ஓர் ஆமை செத்து ஒதுங்கியது. ஓடு 27 அங்குலம். கடலாமை ஆள் நீளம் வளரும் என்கிறார்களே, இது குட்டிதானே? (வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்)

பதில்: எந்த ஆமை என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். ஓட்டின் நடுவரிசைக்கு ஒரு பக்கத்தில் எத்தனை பெரிய தட்டுகள் என்று எண்ணுங்கள். 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் பங்குனி ஆமை. மாசியில் நம் கரைக்கு முட்டையிட வருவது பெரும்பாலும் அதுதான். அதன் முழு வளர்ச்சியே 60 முதல் 70 செ.மீ., எடை 35 முதல் 50 கிலோ. உங்கள் 27 அங்குலம் 68 செ.மீ.க்கு மேல், அதாவது நன்றாக வளர்ந்த ஆமை. வால் ஓட்டைத் தாண்டி நீண்டிருந்தால் ஆண். பெண்ணாக இருந்தால் வயிற்றில் முட்டை இருந்திருக்கலாம், இழப்பு அவ்வளவு பெரிது.

தட்டுகள் 4 என்றால் பேராமையோ அழுங்காமையோ. பேராமையின் ஓடு 1 மீட்டரை ஒட்டி வளரும், எடை 150 கிலோவைத் தொடும். அந்த இனத்தில் 68 செ.மீ. என்பது பருவம் எட்டாத ஆமை. அழுங்காமை 75 முதல் 90 செ.மீ. வரை வளரும். தட்டு 5 என்றால் பெருந்தலை ஆமை, 90 செ.மீ. சுமார்.

ஆள் நீளம் என்று நீங்கள் கேள்விப்பட்டது ஏழுவரி ஆமையைப் பற்றி. அதற்குத் தட்டுகளே கிடையாது, தோல் போர்த்திய முதுகில் மேடான ஏழு வரிகள் ஓடும். முதுகு மட்டுமே ஒன்றரை மீட்டர், எடை 300 முதல் 500 கிலோ. கிரேட் நிக்கோபாரின் கலாத்தியா கரையில் முட்டையிடுகிறது. 1988இல் பிரிட்டனின் வேல்ஸ் கரையில் ஒதுங்கிய ஓர் ஆண் 916 கிலோ இருந்தது.

கேள்வி: அளப்பது எப்படி? (வாசகி, கடலூர்)

பதில்: தலையையும் வாலையும் சேர்க்கக் கூடாது, பலர் தவறுவது இங்கேதான். தையல் டேப்பைக் கழுத்தை ஒட்டிய ஓட்டு விளிம்பின் நடுவில் வைத்து, முதுகின் வளைவோடு படிய விட்டு, பின்விளிம்பின் நுனி வரை அளக்க வேண்டும். ஏழுவரி ஆமைக்கு நடுவரியின் மேல் டேப் நழுவும், பக்கத்தில் ஒட்டி வையுங்கள். நடுவில் கொட்டலசு (ஓட்டில் ஒட்டி வளரும் சிறு கடலுயிர்) ஒட்டியிருந்தால் அளவு கூடிவிடும். மர அளவியில் நேர்கோடாக எடுத்தால் சில செ.மீ. குறைவாக வரும், அதனால் எந்த முறை என்று எழுதாத அளவால் பயனில்லை.

இதெல்லாம் வனத்துறை அனுமதி பெற்றவர்கள் செய்வது. கரையேறும் தாயை நெருங்கினால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். நீங்கள் மணலில் உள்ள தடத்தை அளக்கலாம்: பங்குனி ஆமையின் தடம் 70 முதல் 80 செ.மீ. அகலம், துடுப்புகள் மாறி மாறிப் பதிந்திருக்கும். ஏழுவரி ஆமையின் தடம் ஒன்றரை மீட்டருக்கும் அதிகம், இருபுறமும் ஜோடியாகப் பதியும்.

கேள்வி: அளவை வைத்து வயதைச் சொல்லலாமா? (வாசகர், ராமேஸ்வரம்)

பதில்: முடியாது. பருவம் எட்டியதும் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். ஒரே அளவுள்ள இரண்டு தாய்களுக்கு இடையே பல ஆண்டு வித்தியாசம் இருக்கலாம்.