கேளுங்கள், சொல்கிறேன்: எம்சிஎஃப் ஏன் உடனே முடிகிறது?

கேள்வி: கணினிச் செயலியை மென்பொருளாக நடித்துக் காட்டும் ஜெம்5 சிமுலேட்டரில், ஸ்பெக் 2006 என்ற வேக அளவீட்டுத் தொகுப்பின் எம்சிஎஃப் நிரலை ஓட்டுகிறேன். மணிக்கணக்கில் ஓடும் என்றார்கள். எனக்குச் சில விநாடிகளில் முடிகிறது. நிரலின் பெயரும் பதிப்பும் வருகின்றன, அப்புறம் 'எக்ஸிட்டிங் வித் லாஸ்ட் ஆக்டிவ் த்ரெட் கான்டெக்ஸ்ட்'. வேறு பிழைச்செய்தி இல்லை. கேஷ் (செயலியின் சிறிய, வேகமான நினைவகம்) அளவை மாற்றினாலும் விடை அப்படியே இருக்கிறது. சிமுலேட்டரைத் திரும்பவும் பில்ட் பண்ணவா?
- இறுதியாண்டு மாணவி, நிலாவெளி

பதில்: வேண்டாம் தங்கச்சி, சிமுலேட்டரில் பழுதில்லை. உள்ளே ஓடிய நிரல் தானாகவே வெளியேறியது என்றுதான் அந்த 'எக்ஸிட்டிங்' வரி சொல்கிறது. வேலையை முடித்துப் போனதா, தொடங்காமலே போனதா என்பதைச் சொல்லாது.

எம்சிஎஃப் ஒரே டிப்போவின் பஸ்களுக்கு ஓட்ட அட்டவணை போடுகிற நிரல். எந்தெந்தப் பயணங்கள் என்பது ஐஎன்பி.இன் என்ற கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பின் பெயரைக் கொடுக்காவிட்டால், பிழைச்செய்தி எதுவும் சொல்லாமல் திரும்பிவிடும். உங்களுக்கு நடந்ததும் அதுதான். சிமுலேட்டர் கட்டளையில் மைனஸ் சி-க்குப் பின்னால் பைனரியை (ஓடத் தயாரான நிரல் கோப்பை) மட்டும் கொடுத்திருப்பீர்கள். உள்ளீட்டுக் கோப்பின் பெயர் அதே கட்டளையின் 'ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் போகவேண்டும், அதுவும் முழுப் பாதையோடு. ஏனென்றால் நீங்கள் கட்டளை அடிக்கிற கோப்புறையில்தான் நிரல் தேடும், பைனரி இருக்கிற இடத்தில் அல்ல. பாதை பிழைத்தால் 'ரீட் எரர்' என்று வரும். அது வந்தாலே ஒரு படி ஏறிவிட்டீர்கள்.

அதே பைனரியை அதே கட்டளையோடு முதலில் உங்கள் லேப்டாப்பில் நேரடியாக ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் உடனே நின்றால் சிமுலேட்டர் பக்கம் போகவே தேவையில்லை.

சின்ன 'டெஸ்ட்' உள்ளீட்டில் தொடங்குங்கள். முழு அளவீட்டுக்கான 'ரெஃப்' உள்ளீடு 64 பிட்டில் 1,700 எம்பி வரை நினைவகம் கேட்கும். சிமுலேட்டர் வழமையாகத் தருவது 512 எம்பி. அப்போது 'மெம் சைஸ்' 2 ஜிபி என்று கொடுக்கவேண்டும்.

உவர்மலை வீட்டில் இருந்து நான் முதன்முதலில் மூன்று கேஷ் அளவுகளுக்கு வரைபடம் போட்டபோது, மூன்று கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. கேஷ் பெருத்தும் பயனில்லை என்று அறிக்கையே எழுதிவிட்டேன். சிமுலேட்டர் எழுதும் ஸ்டாட்ஸ் கோப்பில் 'சிம் இன்ஸ்ட்ஸ்' வரியைப் பிறகுதான் பார்த்தேன்: செயலி நிறைவேற்றியது சில ஆயிரம் கட்டளைகள்தான். நிரல் கண் விழிக்கவே அவ்வளவு ஆகும். உங்கள் விடை மாறாததற்கும் இதுதான் காரணம். அந்த எண் கோடிகளில் வரும்வரை எதையும் ஆய்வறிக்கையில் சேர்க்காதீர்கள். வந்ததும் எழுதுங்கள், கேஷ் அளவுகளைப் பற்றி அப்போது பேசலாம்.