சாய்தளம் இருக்கிறது, அலுவலகம் மாடியில் இருக்கிறது

கேள்வி: பக்கவாதத்தால் நடக்க இயலாமல் சக்கர நாற்காலியில் இருக்கும் என் தாயார், தம் மனையை எனக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக்கொடுக்க விரும்பினார். சார் பதிவாளர் அலுவலகமோ முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. வாசலில் உள்ள சாய்தளம் மாடிப்படியின் அடியில் போய் முடிகிறது. இரண்டு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கிச் சென்றோம். அத்தனை பேர் பார்க்க அப்படிப் போனதில் அவர் கூனிக்குறுகிப் போனார். அரசு அலுவலகம் இப்படி இருக்கச் சட்டத்தில் இடம் உண்டா?
- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இல்லை. பொதுக் கட்டடங்களில் சாய்தளமும், சக்கர நாற்காலி நுழையத்தக்க கழிப்பறையும் வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. ஆனால் 'பொருளாதார வசதிக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு' என்று அதில் சேர்த்திருந்ததால், நிதி இல்லை என்ற பதிலே போதுமானதாக இருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தன் 45ஆம் பிரிவில் அந்தச் சலுகையைத் தரவில்லை. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றையும், விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வந்தன. ஆகவே கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. ஒரு மாநிலத்தின் தயார்நிலையைப் பார்த்து மத்திய அரசு கால நீட்டிப்புத் தரலாம் என்பது மட்டுமே அதில் உள்ள தளர்வு.

விதிகளிலும் ஒரு கோளாறு இருந்தது. மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்துபோகக் கட்டடம் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் அணுகல் தரங்களைக் கட்டாயமாக்காமல், வெறும் வழிகாட்டுதல்களாகவே 15ஆம் விதி வைத்திருந்தது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அவ்விதியின் முதல் உட்பிரிவு சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாயத் தரங்களை 3 மாதங்களுக்குள் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

உங்கள் ஊர்ச் சாய்தளத்துக்கு வருகிறேன். ஓர் அடி உயரம் ஏறுவதற்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. வாசல் 2 அடி உயரத்தில் இருந்தால் சாய்தளம் 24 அடி ஓட வேண்டும். ஏறக்குறைய 4 அடி அகலமும், இருபுறமும் கைப்பிடியும், மேலே நாற்காலியைத் திருப்பச் சமதளமும் வேண்டும். நம் அலுவலகங்கள் பலவற்றில் அதே உயரத்துக்கு ஆறேழு அடியில் சிமெண்டைச் சரித்துப் பூசிவிட்டு, 'சாய்தளம் உண்டு' என்று கோப்பில் எழுதிவிடுகிறார்கள். (இரு சக்கர வண்டி ஏற்றுவதற்கு அது மிகவும் வசதி.) அந்தச் சரிவில் தானே சக்கரத்தைத் தள்ளி ஏற யாராலும் முடியாது, இறங்கும்போது நாற்காலி கவிழவும் கூடும். லிஃப்ட் அமைக்கச் செலவும் காலமும் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் மக்கள் வந்துபோகும் பிரிவைக் கீழ்த்தளத்துக்கு இறக்கி, பழைய பதிவேடுகளை மாடிக்கு ஏற்ற எந்தக் காலமும் பிடிக்காது.

உங்கள் தாயாரை மாடிக்கு அழைத்துச் சென்றிருக்கவே தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உடல் நலிவால், ஆபத்தோ பெரும் சிரமமோ இன்றி அலுவலகத்துக்கு வர இயலாதவர் நேரில் வரத் தேவையில்லை என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு கூறுகிறது. அத்தகையவரைப் பதிவு அலுவலரே வீட்டுக்குச் சென்று விசாரிக்க வேண்டும், அல்லது அதற்கென ஆணையர் ஒருவரை அனுப்ப வேண்டும். இதை அலுவலகத்தில் யாரும் உங்களிடம் சொல்லாதது வருத்தத்துக்குரியது. ஆனாலும் படுக்கையில் இருப்பவருக்கான இந்த ஏற்பாட்டைக் காட்டி, வெளியே வர விரும்பும் ஒருவரை வீட்டிலேயே இருக்கச் சொல்வது சரியாகாது.

இனிச் செய்யக்கூடியது, மாநில மாற்றுத்திறனாளிகள் நல ஆணையருக்கு எழுத்து மூலம் புகார் அளிப்பது. உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரங்கள் சில அவருக்கு உண்டு. அவர் பரிந்துரைத்தால், உரிய துறை நடவடிக்கை எடுத்து 3 மாதங்களுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிட்டால் அதற்கான காரணத்தையும் அதே காலத்துக்குள் சொல்ல வேண்டும். 'மிகவும் சிரமப்பட்டோம்' என்பதோடு புகாரை நிறுத்திவிடாதீர்கள். ஒரு டேப்பை எடுத்துச் சென்று சாய்தளத்தின் நீளம், உயரம், அகலம், படிகளின் எண்ணிக்கை, கழிப்பறைக் கதவின் அகலம் ஆகியவற்றை அளந்து, புகைப்படங்களோடு இணைத்து அனுப்புங்கள்.