குழந்தை ஞானஸ்நானம்: ஆதி சபையில் என்ன நடந்தது?

கேள்வி: ஐயா, புதிய ஏற்பாட்டில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக எங்கேயாவது இருக்கிறதா?

பதில்: நேரடியாக இல்லை. லீதியாளும் அவள் வீட்டாரும் பெற்றார்கள் என்று அப்போஸ்தலர் 16இல் வருகிறது. அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்ததா என்று சொல்லப்படவில்லை.

கேள்வி: அப்படியானால் முதல் தெளிவான சான்று எது?

பதில்: கி.பி. 200 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதியது. வேடிக்கை என்னவென்றால், அவர் அதற்கு எதிர்ப்பு! பாவம் அறியாத வயதுக்குப் பாவமன்னிப்பில் என்ன அவசரம் என்கிறார். பிள்ளைக்காக வாக்குக் கொடுக்கும் ஞானப்பெற்றோர் செத்துப்போனால் என்ன செய்வது, பிள்ளை கெட்டுப்போனால் என்ன செய்வது என்றும் கேட்கிறார். வழக்கம் இருந்ததால்தானே வேண்டாம் என்கிறார்? ஆனால், இது புதுப் பழக்கம் என்று அவர் குற்றம் சாட்டவில்லை. அதையும் கவனிக்க வேண்டும்.

கேள்வி: பிரதர், விருத்தசேதனம் மாதிரி எட்டாம் நாள் கொடுத்தார்களா?

பதில்: பிதுஸ் என்ற ஆயர் அப்படித்தான் கேட்டார். பிறந்த சில நாள் குழந்தைக்குச் சமாதான வாழ்த்தாக முத்தமிடவே கூசும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. 253 வாக்கில் கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியானும் 66 ஆயர்களும் கூடி, காத்திருக்கத் தேவையில்லை என்று முடிவெடுத்தார்கள். அந்த முத்தம் கடவுளின் கைக்கே கொடுக்கும் முத்தம் என்று சிப்பிரியான் பதில் எழுதினார்.

கேள்வி: மோனிக்கா அவ்வளவு பக்தியுள்ளவர். பின்னாளில் பெரிய சபைப் போதகரான மகன் அகஸ்டினுக்கு ஏன் உடனே கொடுக்கவில்லை?

பதில்: ஞானஸ்நானத்துக்குப் பிறகு செய்யும் பாவம் பெரிது என்ற பயம். சிறுவயதில் வயிற்றுவலி முற்றியபோது அவசரமாக ஏற்பாடு நடந்தது. குணமானதும் தள்ளிப்போட்டுவிட்டார்கள். கடைசியில் 387 ஈஸ்டரில் மிலானில் அந்நகர ஆயர் அம்புரோஸ் கையால் பெற்றார், 32 வயதில்.

கேள்வி: அப்புறம் எப்படித்தான் பரவியது?

பதில்: மரண பயம்தான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. ரோமில் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் அப்ரோனியானுஸ் என்ற குழந்தையின் கல்வெட்டு இருக்கிறது. வயது 1 வருடம், 9 மாதம், 5 நாள். பிழைக்க மாட்டான் என்று கண்ட பாட்டி, விசுவாசியாகவே போகட்டும் என்று சபையிடம் கேட்டாராம். கல்லை வைத்த அப்பா கிறிஸ்தவர் அல்ல என்பவர்களும் உண்டு. எப்படியானாலும், பிறந்ததுமே கொடுப்பது எங்கும் வழக்கமாக இருந்திருந்தால், இப்படிக் கடைசி நேரத்தில் கேட்கும் நிலை அவ்வளவாக வந்திருக்காது.

கேள்வி: முழுக்கா, தெளிப்பா?

பதில்: தீதாக்கே என்ற ஆதி கிறிஸ்தவப் போதனை ஏடு ஓடும் தண்ணீரைத்தான் முதலில் சொல்கிறது, போதிய தண்ணீர் இல்லையென்றால் தலையில் மூன்று முறை ஊற்றலாம். பெறுகிறவர் ஓரிரு நாள் உபவாசம் இருக்க வேண்டும் என்றும் சொல்வதால், பால்குடிப் பிள்ளையை நினைத்து எழுதியதாகத் தெரியவில்லை.