தூண்டில்காரர் பதில்கள்

கே: கனடாவில் இருக்கும் மகன், ட்ரவுட் பிடிக்கும் ஃப்ளை ராடு (பூச்சிப் பொம்மை கட்டி வீசும் தூண்டில் கோல்) ஒன்றை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். வசந்தத் தொடக்கம்தான் அங்கே சீசனாம். பங்குனியில் நம் காவிரியில் அதற்கு வேலை உண்டா?
– வாசகர், திருவையாறு

ப: ட்ரவுட்டை மறந்துவிடுங்கள், கோலைப் பரணில் போட வேண்டாம். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே திணறுகிற மீன் அது. நீலகிரி உயரம்தான் அதற்குச் சரி. அவலாஞ்சியில் வெள்ளைக்காரர் காலத்துப் பொரிப்பகமே இருக்கிறது. அந்த ஓடைத் தண்ணீர் பவானியில் இறங்கி, கூடுதுறையில் காவிரியோடு கலந்து உங்கள் படித்துறை வரை வருகிறது. மீன்தான் வராது.

மகன் ஊரில் பனி உருகி ஆறு சில்லிட்டு ஓடும். வெயில் ஏறிப் பூச்சிகள் நீரைவிட்டுக் கிளம்பும் நடுப்பகல்தான் அங்கே நல்ல வேளை. இங்கே தலைகீழ். வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூரை மூடிவிட்டால், பங்குனியில் ஆறு மணல்வெளி. ஷட்டருக்குக் கீழே மடுவும், வாய்க்கால் முக்கில் குட்டையும்தான் மிச்சம். விடியலிலும் அந்தியிலும் போங்கள். நடுப்பகலில் வேகப்போவது நீங்கள்தான்.

அந்த மடுவிலும் குட்டையிலும் தேட வேண்டியது விரால். அதற்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். வெங்காயத்தாமரை ஓரம் பேசாமல் உட்காருங்கள். ஓர் இலை அசையும், ‘களுக்’ என்று சத்தம், வளையம் விரியும். அதற்கு இரண்டு முழம் தள்ளி, முடியால் செய்த தவளைப் பொம்மையைப் போட்டு, விட்டு விட்டு இழுங்கள். பாசி சிக்காமல் முள்ளுக்குத் தடுப்புக் கம்பி வைத்த பொம்மையாக மகனிடம் கேட்டு வரவழையுங்கள். கவ்வியதும் வெட்டி இழுக்காதீர்கள். விரால் வாயை மூடித் திரும்பட்டும்.

கைப்பிடிக்கு மேலே கோலின் எண் எழுதியிருக்கும், பாருங்கள். எவ்வளவு கனமான நூலுக்கான கோல் என்பதை அது சொல்லும். ட்ரவுட்டுக்குப் பெரும்பாலும் 5. விராலுக்கு 8 வேண்டும். பாசிக்குள் பாயும் இரண்டு கிலோ விராலை 5-ஆம் எண் கோல் நிறுத்தாது, ஒடியவும் கூடும். அதுதான் உங்களிடம் இருக்கிறது என்றால் சின்னப் பூச்சிப் பொம்மையைக் கட்டிச் சிலேபிக்குப் போடுங்கள். அதுவும் நன்றாகவே இழுக்கும்.

கே: விரால் குஞ்சுக் கூட்டத்தின் நடுவே தூண்டில் போட்டால் பெரிய மீன் உடனே கவ்வுகிறதே, போடலாமா?
– வாசகர், பாபநாசம்

ப: கூடாது. அது பசியில் கவ்வவில்லை, குஞ்சுக்குக் காவல் நிற்கிறது. காவலை எடுத்துவிட்டால் அந்தச் செக்கச்சிவந்த குஞ்சுகளை மற்ற மீன்கள் அன்றைக்கே தீர்த்துவிடும்.