கண்டாலிக் கீரையும் செந்தட்டியும்

மதிப்பிற்குரிய ஐயா,

தில்லி மயூர் விஹாரில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். மேல்மாடியில் இருக்கும், உத்தராகண்ட் மலைப் பகுதியைச் சேர்ந்த பௌரி கட்வால்காரப் பெண்மணி போன மாதம் ஒரு கிண்ணத்தில் கரும்பச்சையாக ஒரு கீரை மசியல் கொடுத்தார். நன்றாக இருந்தது. சாப்பிட்டு முடித்த பிறகுதான், அது கண்டாலி என்றும், பச்சையாகத் தொட்டால் தேள் கடுப்பு கடுக்கும் என்றும் சொன்னார். எனக்கு உடனே எங்கள் பக்கத்து வேலிகளில் படரும் செந்தட்டி நினைவுக்கு வந்தது.

பிறகு தில்லி ஹாட்டில், இதே செடியின் நாரில் நெய்தது என்று ஒரு சால்வை விற்றார்கள். வாங்கி வந்தேன். என் மகள் அதைப் பார்த்துவிட்டு, "அன்னமாக மாறிப்போன அண்ணன்களுக்காக ஒரு பெண் கை கொப்பளிக்கச் சட்டை பின்னுவாளே, அந்தச் செடியா?" என்று கேட்டாள். அன்று முதல் அந்தச் சால்வையைப் போர்த்திக்கொள்ள மனம் வரவில்லை. யார் கை வெந்து இது உருவானதோ என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

பொங்கலுக்குச் சங்கரன்கோவில் பக்கம் மாமியார் ஊருக்குப் போகிறோம். அங்கே பின்வேலி முழுவதும் செந்தட்டிதான். அதையும் இப்படி வேகவைத்து மசிக்கலாமா? இல்லை, குழந்தைகள் ஓடியாடும் இடம் என்பதால் அடியோடு வெட்டிவிடச் சொல்வதா? கண்டாலித் தேநீர் என்று கடைகளில் விற்பதை வாங்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

அடுப்படிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செந்தட்டியைச் சமைக்க வேண்டாம்.

தொட்டால் கடுக்கும் என்பதைத் தவிர அதற்கும் கண்டாலிக்கும் உறவு கிடையாது. கண்டாலி ஊர்ட்டிகா என்ற பேரினம். சிறுகாஞ்சொறி என்று வைத்தியர்கள் சொல்லும் நம் செந்தட்டி டிராகியா. ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. மரவள்ளியும் அதே குடும்பம்தான், கொடிய நஞ்சு உள்ள ஆமணக்கு விதையும் அதே குடும்பம்தான். கொட்டும் முறையும் வேறு. கண்டாலியின் முள்மயிர் நுனியில் சிலிக்கா இறுகியிருக்கும். செந்தட்டியின் மயிரிலோ கால்சியம் ஆக்சலேட் படிகம் ஒன்று ஊசியாக நின்று தோலைத் துளைக்கிறது. ஒரு செடியின் கடுப்பு வெந்நீரில் அடங்குகிறது என்பதை வைத்து இன்னொரு செடியை உலையில் போட முடியாது. கண்டாலியை உண்ணலாம் என்பது கட்வாலிலும் குமாவுனிலும் நேபாளத்திலும் தலைமுறை தலைமுறையாக உண்டு அறிந்த அறிவு. உங்கள் மாமியாரிடம், ஊரில் யாராவது செந்தட்டியை ஆய்ந்து கீரையாகக் கடைந்தது உண்டா என்று கேளுங்கள். இல்லை என்று அவர் சொன்னால் அந்த 'இல்லை'யும் அதே அளவு அனுபவத்திலிருந்து வருவதுதான். நாட்டு மருத்துவத்தில் அதன் வேருக்கு இடம் உண்டு. அது வைத்தியர் கையில் இருக்க வேண்டிய விஷயம்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி கண்ணில் படுகிறது. கண்டாலியின் படத்தைப் பார்த்துவிட்டு இது நம் குப்பைமேனிதானே என்கிறார்கள். பல் பல்லாக வெட்டுப்பட்ட இலை விளிம்பு அப்படி எண்ண வைக்கிறது. குப்பைமேனி கொட்டாது. அதுவும் ஆமணக்குக் குடும்பம்.

இனி உங்கள் சால்வைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்தத் தயக்கம்தான். உங்கள் மகள் சொல்வது டென்மார்க் எழுத்தாளர் ஆன்டர்சன் 1838இல் வெளியிட்ட கதை. பதினோரு அண்ணன்கள், அவர்களை மீட்கப் பதினோரு சட்டைகள். செடியை வெறுங்கையால் பறிக்க வேண்டும், வெறுங்காலால் மிதித்து நாரெடுக்க வேண்டும், முடியும்வரை ஒரு சொல் பேசக் கூடாது. கடைசிச் சட்டைக்கு ஒரு கை பின்னி முடிக்கும் முன் நேரம் வந்துவிடுகிறது. கடைசி அண்ணனுக்கு ஒரு கைக்குப் பதில் அன்னத்தின் சிறகே நின்றுவிடுகிறது. அந்த ஒற்றைச் சிறகுக்காகவே அந்தக் கதையை நான் விரும்புகிறேன். ஆனால் நார் உருவாகும் விதத்தை அதிலிருந்து தெரிந்துகொள்ளக் கூடாது. கதைக்கு அவள் கை கொப்பளித்தாக வேண்டும், ஏனென்றால் அங்கே வலிதான் விலை. உண்மையில் இந்தச் செடியோடு வாழ்கிறவர்களின் திறமை முழுவதும் வலி படாமல் வேலையை முடிப்பதில் இருக்கிறது.

நாருக்காக எடுப்பது நீங்கள் சாப்பிட்ட சிறிய கண்டாலி அல்ல. அதே குடும்பத்தில் ஜிரார்டினியா என்ற பெரிய செடி. மூன்று மீட்டர் உயரம்வரை வளரும். நேபாளத்தில் அதை அல்லோ என்கிறார்கள். மழைக்காலம் கழிந்து தண்டு முற்றியதும், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அரிவாளால் அறுக்கிறார்கள். முள்மயிரைத் தேய்த்து நீக்கிவிட்டு, தண்டின் பட்டையை நீளநீளமாக உரிக்கிறார்கள். உரித்த பட்டை விறகுச் சாம்பல் கரைத்த நீரில் மணிக்கணக்கில் வேகிறது. பசை விட்டதும் ஓடைக்கு எடுத்துப்போய்க் கட்டையால் அடித்து அலசி, நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வெள்ளை மண்ணில் புரட்டி, வெயிலில் காயவைத்து உதறுகிறார்கள். பிறகு தக்களியில் நூற்பு. மலைப்பாதையில் நடந்துகொண்டே நூற்கும் பெண்கள் உண்டு. சாம்பல் நீரில் வெந்த பிறகு அதில் கொட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. அறுத்த வேர்க்கட்டை மறுபடி துளிர்க்கும், செடியும் சாகாது. உங்கள் சால்வையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூல் ஒரே கனமாக இல்லாமல் இடையிடையே தடித்து மெலிந்து போனால் அது கையால் நூற்றது.

இந்த நாரின் வரலாறு நீண்டது. டென்மார்க்கில் லூசஹோய் என்ற இடத்துப் புதைமேட்டில் வெண்கலப் பாத்திரத்துக்குள் எலும்புகளைச் சுற்றியிருந்த துணி இந்தக் குடும்பத்துச் செடியின் நாரில் நெய்தது. வயது ஏறத்தாழ 2800 ஆண்டுகள். முதல் உலகப் போரில் பருத்தி கிடைக்காத ஜெர்மனி படைவீரர் உடுப்புக்கு இந்த நாரைத் தேடிப் போனது. நம் நீலகிரியிலும் ஜிரார்டினியா உண்டு. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் அதன் நாரை அக்கறையோடு ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆகவே சால்வையைத் தாராளமாகப் போர்த்திக்கொள்ளுங்கள். யார் கை வெந்தது என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கைக்கு என்ன கூலி கிடைத்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு சால்வைக்கு வேண்டிய நூலை நூற்பதே மிக மெதுவான வேலை. அடுத்த முறை அந்தக் கடைக்குப் போனால் நூற்றவர் எந்த ஊர், நேரடியாக அவர்களிடமிருந்து வாங்குகிறீர்களா என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லும் கடையில் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

ஆன்டர்சன் கதையைவிட என்னை ஆழமாகத் தொட்டது மிலரேபா. பதினொன்றாம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த திபெத்தியத் துறவி. குகையில் தவமிருந்தபோது இந்தச் செடியை வேகவைத்த நீரையே குடித்து உயிர் வாழ்ந்தார் என்றும், உடம்பே பச்சை நிறமாகிவிட்டது என்றும் அவர் வரலாறு சொல்கிறது. வேட்டை எதுவும் கிடைக்காமல் வந்த வேட்டைக்காரர்கள் அவர் கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டு, இதில் கொஞ்சம் மாவு வேண்டும், உப்பு வேண்டும் என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் அவருடைய பதில் ஒன்றுதான்: மாவுக்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் இலை, உப்புக்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் இலை. ஒருநாள் மண்பானை உடைகிறது. உள்ளே நாள்பட ஏடேடாகப் படிந்திருந்த கீரைப்பற்று பானையின் வடிவிலேயே தனியாக வெளிவருகிறது. அதைப் பார்த்து நிலையாமை பற்றிப் பாடுகிறார். ஒரே உணவை மாறாமல் உண்டவன் பானையில் என்ன படியும் என்று தெரிந்த ஒருவர்தான் இதைச் சொல்லியிருக்க முடியும். மஜ்னு கா டில்லாவின் திபெத்தியக் கடைகளில் தாங்கா ஓவியங்களைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளைத் துணி போர்த்தி, வலக்கையைக் காதருகே குவித்துப் பாடும் கோலத்தில் ஒருவர் இருந்தால் அவர்தான். சில ஓவியங்களில் மேனியைப் பச்சையாகவே தீட்டியிருப்பார்கள். உங்கள் மகளை ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

அவளுக்குக் காட்ட இன்னொரு படமும் உண்டு. ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1665இல் வெளியிட்ட மைக்ரோகிராஃபியா நூலில் இந்த இலையின் பரப்பை நுண்ணோக்கியில் பார்த்து வரைந்த படம். அடியில் ஒரு பை, அதிலிருந்து எழும் கூரிய குழாய். மருந்து ஏற்றும் பீச்சுகுழலோடு அவரே ஒப்பிடுகிறார். அவர் படத்தோடு நிற்கவில்லை. முள்மயிரைத் தன் தோலில் அழுத்தி, அதை லென்ஸ் வழியாகப் பார்த்தார். அழுத்தும்போது பையிலிருந்த நீர் நுனியை நோக்கி ஏறுவதையும், கையை எடுத்ததும் இறங்குவதையும் கண்டார். ஒவ்வொரு முறையும் வலித்தது. மறுபடி மறுபடி செய்து பார்த்தார். அந்த நீரில் என்ன இருக்கிறது என்பது தெரிய வெகுகாலம் பிடித்தது. ஹிஸ்டமினும் அசிட்டைல்கோலினும் இருப்பதை 1947இல் காட்டினார்கள். பிறகு செரட்டோனினும் சேர்ந்தது. எறும்புக் கடியின் அமிலம்தான் காரணம் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். கடுப்பை அதைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது.

வினோத் நகரில் ஒரு கட்வால் குடும்பத்தின் சமையலறையில் கண்டாலி சமைப்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கோட்துவாரிலிருந்து வரும் பஸ்ஸில் ஆனந்த் விஹாரில் இறங்குகிறவர்களின் பைகளில் கேழ்வரகு மாவோடு இந்தத் தளிரும் வந்துசேர்கிறது. அந்த அம்மாள் இடுக்கியால் தண்டைப் பிடித்துக்கொண்டு, நுனி இலைகளை மட்டும் கத்தரியால் பாத்திரத்துக்குள் வெட்டினார். விரல் இலையில் படவே இல்லை, அவசரமும் இல்லை. கொதிநீரில் விழுந்ததும் இலையின் சாம்பல் பூத்த பச்சை சட்டென்று கறுத்தது. சில நிமிடங்கள் கழித்து வடித்து, அதே இலையைக் கையால் அள்ளிப் பிழிந்தார். மயிர் துவண்டுவிட்டால் ஊசியும் இல்லை, கடுப்பும் இல்லை. அரைத்து, ஊறவைத்த அரிசியை விழுதாக்கிச் சேர்த்துக் கொதிக்கவிட்டு, கடுகெண்ணெயில் பூண்டு, வரமிளகாய், ஜக்யா தாளித்துக் கொட்டினார்.

ஜக்யா எது தெரியுமா? நம் ஊர்த் தரிசுகளில் மஞ்சள் பூவோடு, தொட்டால் பிசுபிசுக்கும் நாய்க்கடுகுதான். நாம் களையென்று பிடுங்கி எறிகிறோம். கட்வாலில் அது தாளிப்புக்கு உயிர். கண்டாலியைப் பிசைந்து சாப்பிட அவர்கள் வடிக்கும் ஜங்கோராச் சோறு நம் குதிரைவாலிதான். மேல்மாடி அம்மாளின் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இன்னும் கொடுக்கவில்லை என்றால் குதிரைவாலியில் மிளகு போட்டு வெண்பொங்கல் செய்து கொடுங்கள். அந்தத் தானியத்தை அவர் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

பூப்பதற்கு முந்தைய தளிரையே உண்பது வழக்கம். பூத்த பின் இலையில் சுண்ணாம்புத் துகள்கள் மிகுந்து பல்லில் நெருடும், உடலுக்கும் ஆகாது. சத்து என்று பார்த்தால், வேகவைத்த இலை 100 கிராமில் ஏறத்தாழ 480 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. நல்ல கீரை. ஆனால் இரும்புச்சத்தில் அதிசயம் எதுவும் இல்லை. வைட்டமின் கே மிக அதிகம் என்பதால், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேநீர் பொட்டலம் பற்றி என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். சர்க்கரை நோய் தீரும், ரத்தம் சுத்தமாகும் என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் வாங்காதீர்கள். மலைக்கிராமங்களில் வேறு காய் இல்லாத நாட்களில் வீட்டைக் காப்பாற்றிய கீரை இது. ஏழைகளின் உணவு என்று அதை உண்டவர்களையே கூச வைத்துவிட்டு, இன்று அதே இலையை மருந்தென்று பெயர் மாற்றித் தங்க விலைக்கு விற்பது எனக்குப் பொறுக்கவில்லை. சுவைக்காகக் குடிக்க விரும்பினால், இலையை உலர்த்தி அனுப்பும் மலைக்காரர்களிடமே வாங்குங்கள். உங்கள் மாடியிலேயே வழி இருக்கும்.

கடைசியாக, பின்வேலி. கண்டாலியின் இலையைத் தின்றே இமயமலையில் சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் வளர்கின்றன. செந்தட்டியும் அப்படித்தான். ஆமணக்கில் முட்டையிடும் செம்பழுப்பு நிற அரியாட்னி இனங்கள் செந்தட்டியிலும் முட்டையிடும். வறண்ட புதர்க்காடுகளில் பறக்கும் ஆரஞ்சு நிற பிப்லியாவின் புழுவுக்கும் இந்தக் கொடிதான் உணவு. அதனால் அடியோடு வெட்டச் சொல்லாதீர்கள். நடைபாதையிலும் கிணற்றடியிலும் மட்டும் கனமான கையுறை போட்டு வேரோடு எடுத்துவிடச் சொல்லுங்கள்; பின்பக்கத்தை விட்டுவிடலாம். போன முதல் நாளே பிள்ளைகளை அழைத்துப்போய் இலையைக் காட்டி வையுங்கள். யாருக்காவது பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது. செல்லோ டேப்பை ஒட்டி இழுத்து மயிர்களை எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். முகம் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

அன்புடன்.